கர்னாக் கோயிலில் சேர்ட்டைக் கழற்றியவர்

முன்பெல்லாம் கனடாவின் ஸ்காபரோவில் ஒருவர் பிரமிட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் தேநீர் குடித்து முடித்தார் என்றால், அன்று பிரமிட் அண்ணை கடைக்கு வரவில்லை என்று பொருள். பனி கொட்டும் நாளிலும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொடங்கிவிடுவார். பிரமிட்டை விடியவே பார்க்க வேண்டும், லக்சரில் வெயில் ஏற முன்னம் ராசாக்களின் கல்லறைக்குள் இறங்கிவிட வேண்டும். இத்தனைக்கும் மனுசன் அதுவரை எகிப்துப் பக்கமே போனதில்லை.

காரணம் விளையாட்டில்லை. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த பிரமிட்டை நேரில் பார்க்க அவருக்கு ஆசை. கண் மங்க முன்னம் காட்டியே தீருவேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். பிள்ளைகள் முணுமுணுத்தது எடுபடவில்லை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே படமெடுக்க அக்காவுக்கு அண்ணை அனுமதி தரவில்லை. "போனை உள்ளை வை. கண்ணாலை பார்!"

அலெக்சாந்திரியாவில் கடலோரக் கோட்டையைக் காட்டி, "உதிலைதான் அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கம் நிண்டது" என்றார்.

"இப்ப எங்கையப்பா?"

"விழுந்திட்டுது."

"இல்லாததைக் காட்டவோ இவ்வளவு தூரம் கூட்டிவந்தனீங்கள்?"

"இடத்தையாவது வடிவாப் பார்."

வினை லக்சரில் வந்தது. கர்னாக் கோயில் என்று வழிகாட்டி சொல்லி வாய் மூடவில்லை, அண்ணை செருப்பைக் கழற்றினார். சேர்ட்டையும் கழற்றி இடுப்பில் கட்டினார். ஊரில் முருகனிடம் போகிற மாதிரியே வெறும் மேலோடு, கொதிக்கிற கல்லில் துள்ளித் துள்ளி, அக்காவின் கையைப் பிடித்தபடி அந்தப் பெரிய தூண்களைச் சுற்றத் தொடங்கினார். காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணை, இஞ்சை இப்ப ஒருத்தரும் கும்பிடுறேல்லை" என்றேன்.

"அப்ப இந்தச் சாமிக்கு வேற வேலை இல்லைத்தானே? இவளின்ரை கண்ணைக் கொஞ்சம் பாக்கட்டும்!"

காவலாளிக்குத் தமிழ் விளங்கவில்லை. அக்காவின் கறுப்புக் கண்ணாடியையும், அவர் கையை விட்டுவிட்டு அண்ணை கூப்பிய கையையும் பார்த்தார். சேர்ட்டைப் போடு என்று சைகை காட்டிவிட்டு விலகி நின்றார். அண்ணை சுற்றி முடித்துவிட்டுத்தான் போட்டார்.

இப்போது அக்காவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. தேநீர்க் கடையில் தூண்களின் உயரத்தையும் அவற்றில் மிச்சமிருந்த நிறங்களையும் அவர்தான் சொல்கிறார். அண்ணை வாயே திறப்பதில்லை.

"நீங்களும் பாத்தனீங்கள்தானே அண்ணை, சொல்லுங்கோவன்" என்று போன கிழமை சீண்டினேன்.

"நான் எங்கையடா பாத்தனான்? இவள் பாக்கிறதையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

அந்த மனுசன் இனி எங்கே கூப்பிட்டாலும் போவேன். சேர்ட்டைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுவேன்.