மார்கழியில் தொண்ணூற்றைந்து டிகிரி

குளிர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆண்டவன் மனிதனுக்குத் தோலைக் கொடுத்திருக்கிறான். எனக்கும் கொடுத்திருந்தான். நான்தான் அதை நம்பாமல், நாலு கால் வைத்து ஒரு மரப்பெட்டி செய்து, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊரில், ஓராசிரியர் பள்ளியின் அந்த ஒரே ஆசிரியர் நான். (தலைமையாசிரியரும் நானே. தாமதமாக வந்தால் என்னை நானே முறைத்துக்கொள்வேன்.) கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியும் மனைவி கனகா மலையடிவாரத்து ஒடுகத்தூரில் அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். காரணம், அந்த அப்பா.

மாமனாருக்கு மல்லாட்டை வியாபாரம் (வேர்க்கடலைதான்). அந்தத் தெருவில் முதலில் ரேடியோ வாங்கியவர். பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவார். வானிலை அறிக்கை வந்தால் ஓடிவந்து உட்காருவார். டிகிரி என்று எது காதில் விழுந்தாலும் அவருக்கு அது வேதவாக்கு. ஊட்டியில் நாற்பது டிகிரி, ஜனங்கள் விறைத்துப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டார். (அப்போதெல்லாம் பாரன்ஹீட் கணக்கு; நாற்பது என்றால் நடுக்கம்தான்.) அன்றிலிருந்து அவருக்கு மலை என்றாலே ஊட்டிதான்.

“மாப்ளே, உங்க மலைல எத்தினி டிகிரி?”

“இதமா இருக்கும் மாமா.”

“இதம்லாம் வாணாம். டிகிரி சொல்லுங்க. எம்பதுக்குக் கீழ போச்சுன்னா பொண்ண அனுப்பறதா இல்ல. அதுக்குப் பொறந்ததுலேர்ந்து சளி ஒடம்பு.”

(மார்கழி ராத்திரியில் ஒடுகத்தூரிலேயே எண்பது இருக்காது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.) கதவுக்குப் பின்னாலிருந்து கனகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் சூரியனையே போய் அளந்துவிட்டு வந்திருப்பேன். இப்போதைக்கு வேலூருக்குப் போய் ஒரு வெப்பமானி வாங்கிவந்தேன்.

வெப்பமானியை ஆணியில் மாட்டினால் போதாது. ஆசிரியர் பயிற்சியில் படித்த புவியியல் புத்தகத்தில் அதற்கென்று ஒரு வீட்டின் படம் இருந்தது. நெஞ்சு உயரத்தில் நாலு கால் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, நாலு பக்கமும் சாய்வான பலகைச் சட்டங்கள். வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது, காற்று மட்டும் தாராளமாகப் போய்வர வேண்டும். மண்ணெண்ணெய் டின் வந்த பலகைப் பெட்டிகளை உடைத்து, வீட்டுக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்தேன்.

சட்டங்களை வெளிப்பக்கம் சரிவாக வைக்க வேண்டும். நான் உள்பக்கம் சரிவாக வைத்தேன். முதல் மழையில் ஊரில் பெய்ததைவிடப் பெட்டிக்குள் அதிகமாகப் பெய்தது. சரி என்று மூன்று பக்கத்தை முழுப்பலகையால் அடைத்தேன். ஓணான் நுழைகிறது என்று நாலாவது பக்கத்தையும் அடைத்து, பார்ப்பதற்கு ஒரு துண்டுக் கண்ணாடி பதித்தேன். வெப்பமானியின் எண்கள் மட்டும் கண்ணாடி வழியாகத் தெரியும். அதன் பாதரசக் குமிழ் கீழே பெட்டிக்குள் இறங்கியிருக்கும். காற்று வேண்டுமே என்று அடியில், பின்பக்கமாக, ஒரு விரல் நுழைகிற ஓட்டை போட்டேன். மேலே சுண்ணாம்பு அடித்தேன். பலகை இடுக்குகளைப் பூசத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையனைக் கேட்டதும் இரண்டு கை நிறையத் தேன்மெழுகு கொண்டுவந்தான்.

பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். குனிந்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். “அம்சமா செஞ்சிகீறீங்க வாத்தியாரே” என்றான். மலைக்காரர்களுக்கும் விஞ்ஞானத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று பூரித்துப்போனேன்.

கார்த்திகை முழுக்கப் பாதரசம் அறுபதுகளிலேயே தவித்தது. மாமனாரின் எண்பதை நினைத்துச் சோறு இறங்கவில்லை. திடீரென்று ஒருநாள் அது ஏற ஆரம்பித்தது. எழுபது, எண்பது, தொண்ணூறு! தொண்ணூற்றைந்தில் போய் உட்கார்ந்தது. விடிகிற நேரம் பார்த்தாலும் தொண்ணூற்றைந்து, விளக்கு வைக்கிற நேரம் பார்த்தாலும் தொண்ணூற்றைந்து. சித்திரை வெயில் அளவு!

மார்கழிப் பனியில் பல் தந்தியடிக்க நின்றுகொண்டுதான் இதைப் படித்தேன். இந்த வெயிலில் எனக்கு ஏன் நடுங்குகிறது? மலைக் காய்ச்சல், வேறென்ன! கொயினா மாத்திரை வாங்கி விழுங்கினேன். கொயினா சாப்பிட்டால் காதில் இரைச்சல் கேட்கும் என்பார்கள். எனக்கும் ஙொய்யென்று கேட்டது; அதுவும் பெட்டிக்குப் பக்கத்தில் போனால் மட்டும் கேட்டது. (இதற்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் பழைய மாணவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.)

அடுத்த ஞாயிறு ஒடுகத்தூருக்கு இறங்கினேன், கழுத்தில் மப்ளரோடு.

“தொண்ணூத்தஞ்சு மாமா!”

மாமனார் யோசித்தார். “இன்னா மாப்ளே, இங்கியே குளுருது. அங்க எப்பிடி?”

குழந்தைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான் சொன்னேன்: “நாங்க மலைமேல இருக்கோம் இல்லையா மாமா? சூரியனுக்குக் கிட்ட.”

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. கதவுக்குப் பின்னால் கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பாம், பிற்பாடு சொன்னாள்.

தை பிறந்ததும் மாமனாரே மகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தார். கூட வந்த சீர்: ஒரு பானை மோர், பனையோலை விசிறிகள், வேர்வை துடைக்கத் துண்டுகள். கம்பளி இல்லை, வேண்டாம் என்று சொன்னதே நான்தான். உச்சி வெயிலில் ஏறிவந்ததில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “கரெக்டா சொன்னீங்க மாப்ளே” என்று விசிறிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொழுது சாய்ந்ததும் மாமனார் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு துண்டைப் போர்த்தினார். பிறகு எல்லாத் துண்டையும் போர்த்தினார். விடிந்தபோது என் வீட்டு அரிசிச் சாக்கும் அவர்மேல்தான் இருந்தது.

“பொட்டி எங்க?” என்றார். அதற்குமேல் தாடை ஒத்துழைக்கவில்லை.

மூன்று பேரும் வாயில் புகைவிட்டபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். தொண்ணூற்றைந்து. மாமனார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெஷின் மக்கர் பண்ணினால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ரேடியோ கரகரத்தால் அதன் மண்டையில் ஓங்கி ஒரு அடி வைப்பார், உடனே பாடும். அதே அடியை என் பெட்டியின் மண்டையிலும் வைத்தார்.

பெட்டி பாடியது.

என் ஆணிகளுக்கு எந்தப் பலகையும் கட்டுப்பட்டதில்லை. ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே அடை அடையாகத் தேன்கூடு, அதன் நட்டநடுவில் என் வெப்பமானியின் குமிழ், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கில் தேனீ. மாமனார் சாக்கோடு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி யாரையும் நான் பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால் அவரையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

வெள்ளையன் வந்து புகை போட்டு அடக்கினான். “குஞ்சு வெச்சிகிற எடம் வாத்தியாரே. எந்தக் குளுருலயும் பூச்சி அத்த சூடாவே வெச்சிக்கும்.”

“உள்ளே பூச்சி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும். மெழுகு பூசி, ஓட்ட வுட்டு, தேன் பொட்டி வெச்சதே நீங்கதான? தெனம் ரெண்டு வேள வேற போய் நின்னு பாக்குறீங்க. வாத்தியாருக்குப் பூச்சி மேல இன்னா ஆசன்னு பேசிக்குவோம்.”

மாமனாரின் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வந்திருந்தது. “கனகா! மூட்டைய எடு. கீழ போலாம். இந்தாளு பேச்ச நம்பி வந்தேன் பாரு!”

எதற்காக இவ்வளவும் செய்தேனோ அதுவே கையைவிட்டுப் போகிறது. கனகாவைப் பார்த்தேன். அவள் ஓடவே இல்லை, அதனால் ஒரு கொட்டுகூட வாங்கவில்லை. வெள்ளையன் கொடுத்த தேனடைத் துண்டைச் சப்பிக்கொண்டு நின்றாள்.

“நீ போய்ட்டு வாப்பா. ரெண்டு கம்பளி மட்டும் குடுத்தனுப்பு.”

“குளுருதே கண்ணு!”

“குளுருதுதான். உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியலியே. இந்த மாரி ஆள எப்பிடிப்பா தனியா வுட்டுட்டு வர்றது?”

உதடு வீங்கியிருந்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததே கிடையாது.

பெட்டியை வெள்ளையன் செப்பனிட்டுத் தேனீக்களுக்கே கொடுத்துவிட்டான். வெப்பமானியும் அவற்றுக்கே சொந்தமாகிவிட்டது. தேனை ருசி பார்த்ததும் மாமனாரும் மனம் மாறினார். வருஷா வருஷம் காலி பாட்டிலோடு ஆள் வரும்: “மாப்ளைய டிகிரி ஊத்தி அனுப்பச் சொன்னாரு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால், “நெசமாவா, பொட்டி டிகிரியா?” என்றுதான் கேட்பார்கள். பரீட்சை நன்றாக எழுதினேன் என்று வரும் பேரனுக்கும் அதே கேள்விதான்.

போன வாரம் அதிகாலை, அந்தப் பேரன் கைபேசியைப் பார்த்து, “இன்னிக்குக் குளிரே இல்ல தாத்தா” என்றான். நானும் நம்பி, வெறும் சட்டையோடு வாசலில் இறங்கினேன். கனகா ஸ்வெட்டரை எடுத்துவந்து என் தலைவழியாக மாட்டி, இழுத்துவிட்டுப் போனாள். போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அதுவரை எனக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது.