பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சீனத் தேநீர்

என் அக்காவின் கல்யாணத்தை நான்தான் கெடுக்கப் பார்த்தேன் என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். உண்மைதான். அதுவும் ஒரு பிடித் தேயிலையை வைத்துக்கொண்டு.

உதவித்தொகை கிடைத்துச் சீனாவுக்குப் படிக்கப் போயிருந்தேன். முதல் வருடம் முழுக்க மொழிதான். நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும் அளவுக்குச் சீன மொழி கற்றிருந்தேன். கூடவே பண்பாட்டு வகுப்பும் உண்டு. தூரிகை பிடிக்க வேண்டும், மாவுக் கொழுக்கட்டை மடிக்க வேண்டும், தேநீர் ஊற்ற வேண்டும். தேநீர் வகுப்பில் ஆசிரியை, "நீ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஆயிற்றே, உங்கள் வீட்டில் எப்படிப் போடுவீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டார். தூளைப் போட்டு, கொதிக்கவிட்டு, சீனியை அள்ளிப்போட்டு என்று நான் பெருமையாக விவரித்தேன். அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம்போல ஆகிவிட்டது. (அம்மா பறிக்கிற நல்ல கொழுந்தெல்லாம் கப்பல் ஏறிவிடும், எங்களுக்கு வருவது தூள்தான் என்று சொல்ல அப்போது எனக்கு மொழியும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.) முறையாகத் தேநீர் போடக் கற்று, அதை எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே கொண்டுபோவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கற்றும் தொலைத்தேன். முதல் தண்ணீர் இலையை எழுப்புவதற்கு மட்டும்; அதைக் கொட்டிவிட வேண்டும். கிண்ணத்தை நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று விருந்தாளியிடம் சொன்ன மாதிரி. அதனால் முக்கால் கிண்ணம்தான் மரியாதை. சீனி என்ற பேச்சே கிடையாது.

விடுமுறைக்கு எங்கள் ஊரான பொகவந்தலாவையில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் உடுப்பைவிடக் கிண்ணங்கள்தான் அதிகம். வந்த வாரத்திலேயே அக்காவைப் பெண் பார்க்க றொசல்லயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு.

அக்காவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்பு பார்க்க வந்தவர்கள் மிக்சரைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனதோடு சரி. இந்த மாப்பிள்ளை விசயம் வேறு. அவருக்குக் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அக்கா அந்த ஊருக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த நாட்களில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"தம்பி, இது மட்டும் கலைஞ்சிறக் கூடாதுடா. எனக்கு அவரப் புடிச்சிருக்கு."

அப்பா இல்லாத வீடு. நான்தான் ஆம்பிளை. நெஞ்சைத் தட்டி, "நான் இருக்கேன்லக்கா" என்றேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். பஸ்ஸை விட்டிறங்கி மழையில் மேடேறி, நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா பாலை அடுப்பில் வைக்கப் போனார்.

"நீங்க சும்மா இருங்கம்மா. இன்னைக்கு டீ என் பொறுப்பு."

பாயில் சம்மணம் போட்டேன். கிண்ணங்களை அடுக்கி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசினையும் வைத்தேன். கேத்தலைத் தூக்கி உயரத்திலிருந்து இலைமேல் சுடுதண்ணீர் ஊற்றினேன். கண்ணை மூடி மணம் பிடித்தேன். தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு, "பூசைங்களா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. (பேசினால் தேநீரின் அமைதி கெட்டுவிடுமாம்!) ஆவி பறக்கிற அந்தத் தேநீருக்கு மூன்று பேரும் கையை நீட்டிய நேரத்தில், அவ்வளவையும் பேசினில் கொட்டினேன்.

நீட்டிய மூன்று கைகளும் மடிக்குத் திரும்பின.

அடுத்த தண்ணீரை ஊற்றி, பெருவிரல் உயரக் கிண்ணங்களில் முக்கால் அளவுக்கு நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினேன். தாய்மாமன் வாங்கி, ஒரே மிடறில் விழுங்கி, "மருந்துங்களா?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைத் தொடவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கொழுந்தெடுக்கிறவர்தான், விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம் தம்பி. கொழுந்தெடுக்குறவ கண்ணு முன்னால டீயக் கொட்டி, அரக் கிண்ணம் குடுத்துத்தான் அனுப்பணுமா? நீங்க சீனாவுக்குப் போயிட்டீங்க. நாங்க இன்னும் தோட்டத்துலதான் கெடக்கோம்."

"ஐயோ, அப்படி இல்லங்க. அது வந்து... எலைய எழுப்புறதுக்கு..."

"எலைய நாங்க விடிய முன்னமே போயி எழுப்பிருவோம். எந்திரிங்கண்ணே, போவோம்."

படித்த சீனம், தெரிந்த சிங்களம், பிறந்த தமிழ் எல்லாவற்றையும் கலந்து உளறினேன். அவர் வாசலில் செருப்பை மாட்டத் தொடங்கினார். அக்காவின் வாழ்க்கையை ஒரு பேசினில் கொட்டிவிட்டேன்.

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கூப்பிடாமல் பெண் வெளியே வருவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. "ஏய், உள்ள போடி!" என்று அம்மா பதறினார். அக்கா நிற்கவில்லை. நேரே வாசலுக்குப் போனாள்.

"அத்த, ஒக்காருங்க. இவன் ஒங்களக் கொறச்சு நெனக்கல. அங்க படிச்ச மரியாதைய இங்க காட்டிட்டான் மடையன். இவனுக்காக என்னைய விட்டுட்டுப் போயிறாதீங்க." மாப்பிள்ளையைக் கை காட்டினாள். "எனக்கு ஒங்க மகனப் புடிச்சிருக்கு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "எனக்குந்தாம்மா" என்றார்.

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றினார்.

"போயி நல்ல டீயா போட்டுக் கொண்டா. டம்ளர் நெறைய. சீனி தூக்கலா."

நான் பின்பக்கம் பீலியடிக்குப் போய், ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். பாதி வெட்கம், பாதி சந்தோசம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீட்டு விசயம் எதிலாவது நான் யோசனை சொல்ல வாயெடுத்தால் போதும், அத்தான் கையை உயர்த்துவார்: "மச்சான், இது மொத தண்ணி. கொட்டிரு. ரெண்டாவதா என்ன தோணுதுன்னு சொல்லு." வீடே சிரிக்கும். வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன்.

போன பொங்கலுக்கும் அதையே சொன்னார். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் வாசல்ல வந்து சொன்னதும் மொத தண்ணிதாங்க. அத மட்டும் ஏன் கொட்டாம குடிச்சீங்க?"

அத்தான் உயர்த்திய கையை இறக்கி, என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மச்சான். மொத தண்ணியே போதும்" என்றார்.