செவப்பு அண்ணாவும் சரியான படமும்

உலகத்தில் எதுவும் மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் செவப்பு அண்ணாதான். மற்றவர்கள் எல்லாம் இலவசமாகவே பிடிக்கிறார்கள்.

பெருங்களத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். போனில் மருந்து வாங்குவதற்கான ஆப் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு திரையும் எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணா படம் எடுத்து வைத்திருப்பார். நாங்கள் எதையாவது மாற்றினால், கம்ப்யூட்டர் புதுப்படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடும். மயிரிழை நகர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பைப் பூசிவிடும். சிவப்பு விழுந்தால் அன்றைக்கு ஆப்பின் புதுப் பதிப்பு ரிலீஸ் கிடையாது. பெயர் வந்த வழி இதுதான். புதிதாகச் சேர்ந்த எச்.ஆர். அம்மா மட்டும் பெயரைக் கேட்டு, அவர் தொழிற்சங்கம் தொடங்கப்போகிறார் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தார்.

படத்தில் கடிகாரம் ஓடினால் அதுவும் வித்தியாசமாகிவிடும் என்று, சோதனை போன்களில் எல்லாம் மணியைப் பத்து பத்தில் நிறுத்தி வைத்திருந்தார். தாமதமாக வரும் நாட்களில் அதிலொன்றை எடுத்துக் காட்டுவார். "இன்னாபா லேட்டு? கரெக்டா பத்து பத்துக்கு வந்துகினு கீறேன், பாரு."

வேலைப் புத்தி வெளியிலும் அவரை விடவில்லை. டீக்கடையில் நின்று, "இன்னாக்கா, நேத்து நுரை ரெண்டு விரல் இருந்துச்சே, இன்னிக்கு ஒண்ணுதான் கீது?" என்பார். "டீ குடிக்க வந்தியா, அளக்க வந்தியா?" என்பார் கடைக்கார அக்கா. பீர்க்கன்கரணை வீட்டில் அவர் மனைவி வாசல் திரைச்சீலையை மாற்றிய அன்று, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து, சாரி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் மீசையை எடுத்த அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. கடைசியில், "யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார்.

இதையெல்லாம் ரசிக்கிற மனிதரல்ல எங்கள் மேனேஜர். "இன்னொரு தடவை உங்களால ரிலீஸ் நின்னா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்கும் அண்ணாவுக்கு வேறு வேலை கிடைக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரமே சிவப்பு விழுந்தது. ஆப்பைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தையும் ஆகப் பெரிதாக வைத்தால், 'ரத்து செய்' பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது.

"யாருங்க இவ்ளோ பெரிய எழுத்து வெப்பாங்க?" என்றார் மேனேஜர்.

"கண்ணு மங்குனவங்க வெப்பாங்க சார். மருந்து வாங்குறதே அவங்கதான? வேலை போனா போவுது சார், நான் இத்த ஓகே பண்ண மாட்டேன்."

அண்ணா டீக்கு இறங்கியதும் மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' என்பதை அழுத்தினார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. புதுப்படம் எதுவோ, இனி அதுவே சரியான படம். கோணலோ குளறுபடியோ, எல்லாம் பச்சை. "பாத்தீங்களா, ரெண்டே நிமிஷம்!" என்று எங்களிடம் பெருமை வேறு.

வேடிக்கை அதற்கப்புறம்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், வெள்ளை மனசோடு, அந்தப் பட்டனை மறுபடி திரைக்குள் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் அதன்மேல் சிவப்பைப் பூசியது. பட்டன் இல்லாத படத்தைத்தானே சரி என்று சொல்லி வைத்திருந்தோம்! "டெஸ்ட் ஃபெயில் ஆகுதும்மா, உன் வேலையில ஏதோ தப்பு" என்று மேனேஜர் அதைத் திருப்பி அனுப்பினார். சிரிக்கத்தான் செய்தோம்.

சர்க்கரை மாத்திரையைத் தவறுதலாக இரண்டு தடவை ஆர்டர் செய்துவிட்டு, ரத்து செய்ய வழி தெரியாமல் பெரியவர்கள் போனில் கத்த ஆரம்பித்தார்கள். மீட்டிங் கூடியது. "டெஸ்ட்டுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார் மேனேஜர், தெரியாதவர் மாதிரி. "சார், அன்னைக்கு ஏத்துக்கிட்டது நீங்கதானே?" என்றேன் நான். "அது ப்ராசஸ்" என்றார். அப்படிக் கேட்டதற்கு என்னைக் கேளம்பாக்கம் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். அண்ணாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் சண்டை போடவில்லை. "மெஷின் மேல தப்பு இல்ல சார். நீங்க காட்டுன படத்த அது நம்புச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோதனை போன்களைத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அந்த மேனேஜருக்கு அந்த வருடமே பதவி உயர்வு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் பெருங்களத்தூர் போயிருந்தேன். வரவேற்பறையில் மாட்டியிருந்த எங்கள் குரூப் போட்டோவை எடுத்துவிட்டு, அண்ணா இல்லாத புதுப்படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஆளாளுக்கு அதன்கீழே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய படம் என் போனில் இருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது, அண்ணா மட்டும் என் பக்கம் திரும்பி, கழுத்தில் கோணலாகத் தொங்கும் என் ஐ.டி. கார்டை நேராக்கிக்கொண்டிருக்கிறார். யார் எதை ஏற்றுக்கொண்டாலும் சரி, எனக்கு அதுதான் சரியான படம்.