பாதாம் பருப்பளவு ஈரம்

பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த பேனரில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: ‘உங்கள் பிள்ளை நாளைய கொலைகாரனா? இன்றே அறிந்துகொள்ளுங்கள்.’ படத்திலிருந்த குழந்தை எந்த வகை என்று மட்டும் போடவில்லை.

காலை ஏழு மணிக்கே கூட்டம் முண்டியடித்தது. கணக்கு வாத்தியார் மூன்று முறை கூப்பிட்டும் வராத அப்பாக்கள்கூட இதற்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வரிசையின் நடுவில், நகக்கண்ணில் வார்னிஷ் கறையோடு ஒருத்தி நின்றாள். மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவள். பக்கத்தில் ஏழு வயது மகள். போன வாரம் வகுப்பில் வளர்த்த முயல் செத்துப்போனது. முப்பது பிள்ளைகள் அழுதார்கள். இவள் மகள் மட்டும், “எங்க புதைக்கணும், மிஸ்?” என்று கேட்டாள். அது போதாதா? இந்த முகாமில் தரும் இரக்கச் சான்றிதழ் இல்லாமல் திங்கட்கிழமை வகுப்புக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

“உங்க பொண்ணு என்ன பண்ணிச்சு அக்கா?” என்றாள் பின்னால் நின்றவள்.

“அழல.”

“அவ்வளவுதானா? எங்க வீட்டுது எறும்புப் புத்துல தண்ணி ஊத்திச்சு.” ஏதோ பரிசு வாங்கியதைப்போல் சொன்னாள்.

பாலிஷ்காரி சிரிக்கவில்லை. ஒரு நாள் கதவிடுக்கில் விரல் நசுங்கி ரத்தம் வந்தபோதுகூட மகள் வாய் திறக்கவில்லை. அந்த உலர்ந்த கண்களைப் பார்த்து, பெற்றவளே ஒரு கணம் பயந்தாள். அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளி அரங்கத்தின் மேடையில் வெள்ளைக் கோட்டுடன் மூளை ஐயா தோன்றினார். ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. வேறு பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. கையில் சுண்ணாம்பில் வார்த்த மூளை.

“இதுக்குள்ள பாதாம் பருப்பு அளவுல ஒரு பகுதி இருக்கு. பயத்துக்கும் இரக்கத்துக்கும் அதுல பங்கு இருக்கு. இது நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது.”

அதுவரை பொய்யில்லை. பொய் எப்போதுமே ஓர் உண்மையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும்.

“மனசுல ஈரம் வேணும்னு சும்மாவா சொல்றோம்? ஈரம்னா நெசமாவே ஈரம்தான். அந்தப் பருப்பு காஞ்சுபோனா ஆள் கல். என் கருவியில பதினஞ்சுக்குக் கீழ போனா கல்மூளை. பிறவிக் கோளாறு. பெத்தவங்க மேல தப்பே கிடையாது.”

அரங்கம் மொத்தமும் மூச்சு விட்டது. பாலிஷ்காரியும்தான். தப்பே கிடையாது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இன்னும் நூறு வரிசைகளில் நின்றிருப்பாள்.

மருந்தும் இருந்தது. பருப்பு காய்ந்தால் என்ன செய்ய வேண்டும்? பருப்பெண்ணெய் விட வேண்டும். உச்சந்தலையில் நாற்பது நாள், ஐயாவே விற்கும் பாதாம் தைலம். மண்டையோடு குறுக்கே இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

மகளின் முறை வந்தது. ஐயா ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் அவள் நெற்றியை அழுத்தித் துடைத்தார். மஞ்சள் பெட்டி ஒன்றின் இரண்டு ஊசிமுனைகளை அதில் பதித்தார்.

“ஒன்பது,” என்றார். கூட்டம் ‘ஐயோ’ என்றது.

பாலிஷ்காரியின் மனதுக்குள் ஒரு குரல் தானாகச் சொன்னது: ஒன்பதுதானே, பாலிஷ் அடிக்கலாம்.

அவளுக்கே திடுக்கென்றது. பட்டறையில் தினமும் முதல் வேலை அது. பலகையில் இரண்டு ஊசியைக் குத்தி ஈரம் பார்ப்பது. பதினைந்துக்கு மேல் இருந்தால் வார்னிஷ் பிடிக்காது. அவள் பெட்டியைக் கூர்ந்து பார்த்தாள். அதே மஞ்சள். அதே ஊசிகள். பின்பக்கம் ஒரு மரத்தின் படம் பாதி சுரண்டப்பட்டிருந்தது.

ஐயா அதற்குள் உச்சியில் ஒரு சொட்டுத் தைலம் விட்டு, நெற்றியை வேறொரு பஞ்சால் துடைத்து, மறுபடி குத்தினார். “இருபத்திரண்டு. பார்த்தீங்களா?” கைதட்டல். இரண்டாவது பஞ்சிலிருந்து மேஜையில் தண்ணீர் சொட்டியதை அவள் பார்த்தாள்.

“ஐயா, இதை ஒரு தடவை குடுங்க.”

“தொடக்கூடாதும்மா.”

“தினம் தொடறதுதான்,” என்று அவர் தடுப்பதற்குள் வாங்கிவிட்டாள். மேஜைக் காலில் குத்தினாள். “பன்னெண்டு. இந்த மேஜைக்கும் கல்மூளை. தைலம் ஊத்துங்க.” தரை துடைக்கும் ஈரத்துணியில் வைத்தாள். பெட்டி கீச்சென்று கத்தியது. “இந்தத் துணிக்கு எவ்வளவு இரக்கம் பாருங்க. எங்க பட்டறையில பலகைக்கு ஈரம் பார்க்கிற மீட்டர் இது.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. அவள் எட்டி அங்கேயும் வைத்தாள்.

“நாற்பத்தியொண்ணு,” என்று வாசித்தாள். “இந்த அரங்கத்துலயே பெரிய கருணைக்கடல் ஐயாதான்.”

கருணைக்கடல் சுண்ணாம்பு மூளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறியது.

மேடையோரம் நின்ற தலைமையாசிரியை விடவில்லை. “அதெல்லாம் சரி. பொண்ணு ஏன் அழல?”

பாலிஷ்காரி மகளைப் பார்த்தாள். இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்ததை அங்கேயே எடுத்து வைத்தாள்.

“இவ அப்பா இருந்தவரைக்கும், அழுதா இன்னும் ரெண்டு அடி விழும். நாலு வயசுலயே சத்தம் வராம இருக்கக் கத்துக்கிட்டா. அது எனக்குத் தெரியும் டீச்சர். பிறவிக் கோளாறுன்னு யாராவது சொல்லிட்டா நான் தப்பிச்சுக்கலாம்னு இங்க வந்து நின்னேன்.”

இரக்கமே இல்லாத மனிதர்கள் உண்டுதான். அதில் பிறப்பு கொண்டுவருவது எவ்வளவு, வளர்ந்த வீடு செய்வது எவ்வளவு என்று அறிந்தவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பலகை மீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் என்று அவர்கள் யாரும் சொன்னதில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திங்கட்கிழமை அனுப்புங்க,” என்றார்.

“முயலுக்குக் கல் வைக்கணும் மிஸ்,” என்றாள் மகள். “மழை வந்தா எடம் தெரியாமப் போயிடும்.”

வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. “வாங்கின தைலத்தை வீணாக்குவானேன், முடிக்காவது தேய்க்கலாமா?” என்று எறும்புப் புத்துக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேய்க்கலாம் தாயே, தாராளமாக. முடிக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. எண்ணெயே வேண்டாம், எப்போதாவது எடுத்துப் பயன்படுத்தினாலே காயாது.