பதினேழாம் நம்பர் ஜீவன்

"என் வீட்டில் என் பேச்சுதான்" என்று ஒரு நாள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டேன். நாலு ஆண்கள் சேர்ந்து டீ குடிக்கும் இடத்தில் இதைச் சொல்லாதவன் யார்? ஆனால் அன்றைக்கு அங்கே இறால் பண்ணைக் கம்பெனிக்காக நிலம் பிடித்துக் கொடுக்கும் ரெத்தினமும் உட்கார்ந்திருந்தார். "அப்ப சார் வயல் முடிஞ்ச மாதிரிதான்" என்று எழுந்து கையை நீட்டினார். நானும் கை கொடுத்துவிட்டேன்.

கை என்னுடையது. வயல் என் மனைவி மங்களாம்பிகையுடையது. அவளுடைய அப்பா எழுதிவைத்த மூன்று மா நன்செய், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். பட்டாவில் அவள் பெயர்தான் இருந்தது. உப்பனாற்றிலிருந்து கடல் தண்ணீரைப் பண்ணைக்குக் கொண்டுபோக வாய்க்கால் வெட்டினால், அது அந்த மூன்று மா வழியாகத்தான் போயாக வேண்டும்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஊரெல்லாம் குடித்து, குளித்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். வருஷா வருஷம் வானத்தை ஒரு தடவை, வாய்க்காலை ஒரு தடவை நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்துக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. குத்தகைக்கு விட்டால் கழுத்தாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

"கையெழுத்தெல்லாம் முடியாதுங்க" என்றாள் மங்களம்.

"ஏன்?"

"உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணின்னா என்ன, பூதமா?"

"பூதமா இருந்தா பூசை போட்டு ஓட்டிடலாம். மண்ணுல ஏறுன உப்பை எதைப் போட்டு ஓட்டுறது? அது நம்ம மூணு மாவோட நிக்குமா? பக்கத்து வயக்காரங்க இறால் பண்ணை வேணாம்னு தாலுகா ஆபீசுல மறியல் பண்ணி போலீஸ் வேன்ல போனாங்களே, அவங்க மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கிறது?"

நான் இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவன். பயம் என்பது அறியாமை என்று முடிவு கட்டினேன். கடல் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்து, அது எவ்வளவு சாது என்று காட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியையும் காற்றுக்குமிழ் விடும் மோட்டாரையும் கேட்டு வாங்கினேன். நாகூர் கடற்கரையிலிருந்து நாலு கேன் தண்ணீரும், அலையில் கிடந்த ஒரு கல்லும் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் கல்லுக்கும் டிக்கெட் கேட்டார்.

முதல் வாரம் கண்ணாடி முழுக்கப் பழுப்பு படிந்தது.

"தொட்டில சீயக்காயைக் கரைச்சீங்களா?"

"இது டயாட்டம், மங்களம். ஒரு செல் பாசி. புதுத் தொட்டில முதல்ல இதுதான் வரும்."

அடுத்த வாரம் பழுப்பு போய், கல்லின்மேல் பச்சை மயிர் முளைத்தது. அதற்கும் பெயர் சொன்னேன். பாசி என்றால் எனக்கு அல்வா. அதற்குப் பிறகுதான் கல் விழித்துக்கொண்டது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. கல்லிடுக்கிலிருந்து சின்னஞ்சிறு விசிறிகள் நீண்டன. விரலைக் காட்டினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. பூ மாதிரி ஒன்று விரிந்து, பக்கத்தில் வந்த பூச்சியை விழுங்கியது. கடைசியில் ஒரு நண்டு வெளியே வந்து, நான்தான் வீட்டுக்காரன் என்பதுபோல என்னைப் பார்த்தது.

மங்களம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க கல்லு மட்டுந்தானே கொண்டாந்தீங்க?"

"ஆமா."

"ஒத்தைக் கல்லுக்குள்ள இத்தனை ஒளிஞ்சு வந்திருக்கு. ஒரு வாய்க்கால் நிறைய வந்தா என்னென்னல்லாம் வரும்?"

பதில் தெரியாதபோது வாத்தியார்கள் குரலை உயர்த்துவார்கள்.

"எது வந்தா என்ன? எனக்குத் தெரியாததா வந்துடும்? தொட்டில இருக்கற ஒவ்வொண்ணுக்கும் நான் பேர் சொல்றேன். சொல்லிட்டா கையெழுத்துப் போடறியா?"

"ஒண்ணு தப்பிச்சுன்னா?"

"அப்புறம் வயல் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"எது இருந்தாலும் சொல்வீங்களா?"

"தொட்டிக்குள்ள எது இருந்தாலும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். குறுவைக்கு விட்ட நாற்று அப்போது பத்து நாள் பயிர்; நடவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. "சரிங்க. நடவுக்கு முந்தின நாள் ரெத்தினத்தை வரச்சொல்லுங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். பாசிகளை நானே முடித்தேன். மற்றதற்கு மீன்காரி தங்கம்மாளைப் பிடித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து தினமும் கூடையோடு வருகிறவள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் மீன் வாங்க வேண்டும். பதினாலு நாளும் எங்கள் வீட்டில் மீன் குழம்புதான்.

"இது கொட்டலசுங்கய்யா. போட்டுக்கு அடியில ஒட்டிக்கும். தேய்ச்சா கை கிழிஞ்சிரும்."

"இந்தப் பூ?"

"அதுக்குப் பேரெல்லாம் யாரு வச்சா? தொட்டா அரிக்கும், அவ்வளவுதான்."

அரிக்கிற பூவுக்கு உரிய பெயரைப் புத்தகத்தில் தேடி எழுதிக்கொண்டேன். இப்படியே பதினாறு ஜீவன்கள் நோட்டில் ஏறின. கம்பெனி வாய்க்கால் என் கண்ணுக்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்தது.

நடவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கல்லுக்குப் பின்னால் பதினேழாவதைப் பார்த்தேன். வெளுத்த உடம்பு. ஒரு முனையில் நூல் நூலாக ஒன்பது கால்கள். மறுமுனையில் கொழகொழவென்று பழுப்பு வால். மேலெல்லாம் பாசி. குமிழ் வரும்போது மெல்ல நெளிந்தது.

தங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எங்க கடல்ல இது கிடையாதுங்கய்யா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடலுக்கே தெரியாத ஜீவன் என்றால் உலகத்துக்கே புதிது. பேப்பரில் என் போட்டோ வருவதுவரை யோசித்துவிட்டேன். நோட்டில், விலங்குகள் என்ற தலைப்பின் கீழ், 'வெண்கால் கடற்புழு' என்று எழுதினேன். தப்பாகவே இருந்தாலும் அதைச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் ஏது?

குறித்த நாளில் ரெத்தினம் முத்திரைத்தாளோடு வந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு வாசித்தேன். மங்களம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ரெத்தினம் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"பதினேழு, வெண்கால் கடற்புழு."

"அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"உசுரோட இருக்குதா?"

"நேத்துக்கூட நெளிஞ்சுதே."

அவள் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். பதினேழாம் நம்பரை எடுத்து முத்திரைத்தாளின்மேல் வைத்தாள். கொல்லைப் பக்கம் போய், காலையில் நாற்றங்காலில் பறித்து வந்ததில் ஒரு நாற்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் கிடத்தினாள். ஒன்பது வேர் இதற்கும் இருந்தது.

"ஆடுதுறை முப்பத்தாறு. நம்ம குறுவை நெல்லு" என்றாள். "அஞ்சு நாள்தான் உள்ள கிடந்துச்சு."

"இது மோசம், மங்களம். நீயா போட்டது. கடல்லேருந்து வந்ததுக்குத்தான் நான் பேர் சொல்றேன்னேன்."

"தொட்டிக்குள்ள எது இருந்தாலும்னு சொன்னீங்க. கடல்லேருந்து வந்ததுன்னு சொல்லலை." அவள் குரல் உயரவே இல்லை. "நம்ம வயலும்தான் கடல்லேருந்து வரலை. நீங்கதான் கடலை அங்க கூட்டிட்டுப் போறேங்கறீங்க."

இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் நெற்பயிரை வேரோடு வரைந்தவன் நான். வயலில் இறங்கி உழுதவரின் மகன். மூன்று வேளையும் அதைத்தான் தின்கிறேன். ஐந்து நாள் உப்பில் கிடந்ததும் அதைப் புழு என்று எழுதிவிட்டேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த நனைந்த நாற்றைத் தொடவும் கை வரவில்லை.

ரெத்தினம் ஈரமான முத்திரைத்தாளை இரண்டு விரலால் தூக்கி உதறினார். "சாரோட வீட்டுல யார் பேச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டினார்.

அவர் போனதும் நோட்டைத் திறந்தேன். விலங்குகள் தலைப்பில் பதினேழை அடித்தேன். தாவரங்கள் பக்கத்துக்குப் போய், 'ஆடுதுறை 36. இனம் கண்டவர்: மங்களாம்பிகை' என்று எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கீழ கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.