கொலைகாரன் யார்? ஸ்கேன் செய்யுங்கள்

அச்சு இதழ்களைக் கரைசேர்க்கப் பிறந்தவன் நான்தான் என்று இருபத்தெட்டு வயதில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. (அந்த வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வியாதி இருக்கும்.)

மதுரையில் ஒரு சிறிய வார இதழில் உதவி ஆசிரியர் வேலை. விற்பனை வாராவாரம் இளைத்துக்கொண்டிருந்தது.

"தொடர்கதையோட கடைசி அத்தியாயத்தை அச்சுல போடாதீங்கண்ணே. க்யூஆர் கோடு மட்டும் போடுவோம். கொலைகாரன் யாருன்னு தெரியணும்னா போனுக்கு வந்துதானே ஆகணும்?" என்று ஆசிரியரிடம் முழங்கினேன்.

"ஒரு இதழ் தாரேன். சொதப்புனேன்னா வேலைய விட்டுப் போயிரு" என்றார்.

அன்றைக்கென்று பார்த்து அம்மாவிடமிருந்து ஐந்து அழைப்புகள். கல்யாணத் தரகருக்கு என் ஜாதகமும் படங்களும் உடனே வேண்டுமாம். எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு ஃபோல்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டு, லிங்கை அனுப்பினேன். அதே கையோடு க்யூஆர் கோடும் தயாரித்தேன். ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்திருக்கலாம். மேதைகள் அதையெல்லாம் செய்வதில்லை.

இதழ் கடைக்குப் போன காலையில் அலுவலக போன் அடித்தது. ஆனையூரிலிருந்து ஒரு பெண்.

"ஏங்க, கொலைகாரன் யாருன்னு ஸ்கேன் பண்ணா, யாரோ ஒரு மாப்பிள்ளையோட ஜாதகம்ல வருது!"

ஜாதகம் மட்டுமா? கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் நான் திரும்பிப் பார்க்கும் படமும் அல்லவா அதில் இருந்தது!

"மன்னிச்சிருங்க, இப்பவே எடுத்துடுறேன்."

"எடுத்து என்ன செய்ய? எங்கம்மா அதைத் தூக்கிக்கிட்டு ஜோசியர்கிட்ட போயாச்சு."

ஆசிரியர் விடாமல் அடித்துக்கொண்டிருந்த தன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டுப் பேரு நம்ம பத்திரிகைய எட்டிப் பார்த்ததே இல்லடா" என்றார். வேலை பிழைத்தது. ஆனால் அடுத்த வாரம் கடைசி அத்தியாயத்தை அச்சில்தான் போட்டார். புரூப் திருத்தும் தண்டனை எனக்கு.

ஜோசியர் பொருத்தம் பிரமாதம் என்று சொல்லிவிட்டார். இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் பத்திரிகைகளுக்கு இனி அச்சா, டிஜிட்டலா என்று என்னைக் கேட்டால், ஆனையூர்க்காரி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள்:

"அச்சுதான். கதைய ஒழுங்கா அச்சுலயே முடிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்!"