பாடகரின் சர்வீஸ் ரெக்கார்டு

விருந்தாளியை மேடையில் வரவேற்கும் பொறுப்பை, பரீட்சைபோல எல்லாவற்றுக்கும் முழு விடை எழுதுகிறவனிடம் கொடுக்கவே கூடாது. எங்கள் மேனேஜர் கொடுத்தார்.

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான் (அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்). அந்தச் சமயம் மேனேஜர் பங்களாவுக்கு இங்கிலாந்துக்காரப் பாடகர் ஒருவர் வந்திருந்தார். தானே எழுதி, தானே பாடி, ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்தவராம்.

"பேக்டரி வாசல்ல நாலு வார்த்தை பேசிருங்க தம்பி. நல்லாப் பண்ணுனா வேலை உறுதி" என்றார் மேனேஜர்.

நாலு வார்த்தையா? இணையத்தில் கிடைத்த அவர் வாழ்க்கை முழுவதையும் மனப்பாடம் செய்தேன். அந்த வாசலில் நான் பார்த்த ஒரே விழா, தொழிலாளிகள் ஓய்வுபெறும் விழா. அதில் ஆளின் சர்வீசை ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள்: சேர்ந்தது, மெமோ வாங்கியது, சஸ்பெண்டானது, திரும்ப வந்தது. மரியாதை என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக ஆரம்பித்தேன்.

"ஐயாவின் முதல் ஆல்பம் நன்றாக ஓடியது. இரண்டாவது விற்கவில்லை. மூன்றாவதை யாரும் கேட்கவே இல்லை. ரெக்கார்டு கம்பெனி அவரை நீக்கியது. மனைவியும் விலகினார்."

மேனேஜர் முகம் டிரையரில் போட்ட இலைபோல் சுருங்கியது. பாடகரின் டீக் கோப்பை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. எனக்கோ, என்ன உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்று பெருமை!

கூட்டத்தில் அம்மா எழுந்தார். "ஏனுங்க, கம்பெனி நிறுத்திப்போட்டா சோத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?"

"உக்காரும்மா!" என்றேன், மைக்கிலேயே.

அந்த அம்மா என்ன கேட்கிறார் என்றார் பாடகர். மொழிபெயர்த்தேன் (வேறு வழி?). கோப்பையைக் கீழே வைத்தார். "என் அக்காவின் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டே பாட்டுக் கட்டினேன்."

அதைத் தமிழில் சொன்னதும் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம ஆளுதான்டி!" என்றார்.

நான் கடைசி வரிக்கு வந்தேன். "அந்தப் பாட்டைக் கேட்டு கம்பெனி அவரைத் திரும்ப எடுத்தது."

எங்கள் விழாக்களில் விசில் பறக்கும் இடமே அதுதான். கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லோரும் என் ஹிட் பாட்டுகளைத்தான் சொல்வார்கள். திரும்பி வந்ததற்கு யாரும் கைதட்டியதில்லை" என்றார்.

"தப்பிச்சீங்க தம்பி" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்தபடி. நிரந்தர ஆணையும் வந்தது. அதில் பாதி அந்தப் பாடகரின் பெருந்தன்மை, மீதி அம்மாவின் வாய். இருவருக்கும் இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

பிற்பாடு பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை தன்னப் பத்திச் சொல்லட்டுமே" என்றார் பெண்ணின் அப்பா. நான் தொண்டையைச் செருமினேன்.

அம்மா பதறிவிட்டார். "வேண்டாமுங்க! இவன் ஆரம்பிச்சான்னா பிளஸ் டூ கணக்குல பெயிலானதுல இருந்து வருவானுங்க!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவள்தான் இப்போது என் மனைவி. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை அவள்தான் அறிமுகப்படுத்துகிறாள், அந்தக் கணக்குப் பரீட்சையிலிருந்து.